அசைன்மென்ட்டை ஏஐ எழுதினால் பரீட்சையை யார் எழுதுவது? அருப்புக்கோட்டை, திருச்சுழி மாணவர்கள் முன் நிற்கும் கேள்வி

கல்லூரி அசைன்மென்ட் என்றால் முன்பெல்லாம் நூலகத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் சீனியரிடம் பழைய நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இப்போது செல்போனில் ஒரு வரி தட்டினால் போதும், ஐந்து பக்கக் கட்டுரை அரை நிமிடத்தில் வந்து நிற்கிறது.

ஆனால், செமஸ்டர் தேர்வு மட்டும் மாறவில்லை. அதே மூன்று மணி நேரம், கையில் பேனா, முன்னால் வெள்ளைத்தாள். அங்கே செல்போனுக்கு அனுமதி கிடையாது.

இந்த இடைவெளி எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஆனாலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதியில், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் மாணவர்களுக்கு இதன் பாதிப்பு கூடுதல். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டிய காரணம் என்ன?

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க மழையை நம்பிய பூமி. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் வேறு வேலை தேட வேண்டியதுதான். அருப்புக்கோட்டையைச் சுற்றித் தறி, நூற்பாலை, மல்லிகைத் தோட்டம். திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் சீமைக்கருவேலங்காடும் கரிமூட்டமும்.

2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பட்டியலை வெளியிட்டது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம், இன்னொன்று விருதுநகர். கல்வி, சுகாதாரம், வேளாண்மை, நீர்வளம் போன்றவற்றில் தனிக் கவனம் தேவைப்படும் மாவட்டங்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

கல்லூரிகள் இல்லாமல் இல்லை. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி இரண்டும் அரை நூற்றாண்டைத் தாண்டியவை. 2021-22-ல் அரசு அறிவித்த 10 புதிய கலை, அறிவியல் கல்லூரிகளில் திருச்சுழியும் ஒன்று. இதனால் சுற்றுவட்டார கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி மதுரைக்குப் போகாமல் பக்கத்திலேயே படிக்க முடிகிறது.

மாநில அளவிலும் நிலைமை மாறியிருக்கிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். அகில இந்திய சராசரி 28.4 சதவீதம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண், 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மூலம் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது.

ஆக, கல்லூரிக்குள் வருவது முன்பைவிட எளிது. வந்த பிறகு என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

லேப்டாப், டேட்டா, மறுபடியும் லேப்டாப்

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு டிஜிட்டல் வசதி கொடுக்கும் கதை புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ம் தேதி விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

அடுத்தது 2025 மார்ச் 14 பட்ஜெட். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும், முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றது அந்த அறிவிப்பு. அதைச் சட்டமன்றத்தில் வாசித்த தங்கம் தென்னரசு அப்போது திருச்சுழி தொகுதியின் எம்.எல்.ஏ.

மூன்று அறிவிப்புகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றும் கருவியையும் இணைப்பையும் பற்றியவை. அந்தக் கருவியை வைத்து எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்பது கல்லூரிகளின் பொறுப்பில் விடப்பட்டது.

ஏஐ எப்படி மாணவர் கைக்கு வந்தது?

சாட்ஜிபிடி அறிமுகமானது 2022 நவம்பர் 30-ம் தேதி. முதலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள், நகரத்து மாணவர்கள் என்றுதான் பரவியது. 2025-ல் நிலைமை தலைகீழானது.

அந்த ஆண்டு ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்சிட்டி ப்ரோவை ஓராண்டு இலவசமாகத் தந்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஜெமினி ப்ரோ வசதியை 18 மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. அதிலும் முதலில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் என்றது. அதாவது, கல்லூரி வயது. நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் இந்தியர்களுக்கு சாட்ஜிபிடி கோ சேவையை ஓராண்டு இலவசமாக்கியது.

லேப்டாப் கைக்கு வர அரசு அறிவிப்பு, டெண்டர், விநியோகம் என்று எத்தனையோ படிகள். ஏஐ வந்ததோ சிம் கார்டு வழியாக. எந்தக் கல்லூரியும் இதற்குப் பாடத்திட்டம் தயாரித்து முடிப்பதற்குள் மாணவர் கையில் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியென்றால் நல்லதுதானே?

ஒரு வகையில் நல்லதுதான். தமிழ்வழியில் பிளஸ் 2 முடித்த மாணவர், கல்லூரியில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் புரட்டும்போது முதல் பக்கத்திலேயே திணறுவார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். தனி டியூஷனுக்கு வழியில்லை.

அந்த மாணவர் ராத்திரி பத்து மணிக்கு, "இந்தப் பத்தியைத் தமிழில் எளிமையாக விளக்கு" என்று செல்போனிடம் கேட்கலாம். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த தனி ஆசிரியர் வசதி, தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஓரளவு கிடைக்கிறது. எனவே, "ஏஐ-யைத் தொடவே கூடாது" என்று தடை போடுவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்தே பறிப்பதாக முடியும்.

அப்புறம் என்ன சிக்கல்? விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு, எழுதித்தரச் சொல்வது வேறு. இரண்டும் ஒரே திரையில், ஒரே பெட்டியில் நடப்பதால் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

துருக்கியில் சுமார் ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2025-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் வெளியானது. சாதாரண ஏஐ-யைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால், ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள்.

அதே சோதனையில் இன்னொரு குழு இருந்தது. அவர்களுக்குத் தரப்பட்ட ஏஐ விடையை நேரடியாகச் சொல்லாது. குறிப்பு மட்டும் கொடுக்கும். பயிற்சியில் அவர்கள் செய்தது 127 சதவீதம் கூடுதல். தேர்விலும் பெரிய சரிவு இல்லை. கருவியின் தொழில்நுட்பம் ஒன்றுதான். பயன்படுத்திய விதம் முடிவை மாற்றியது.

எழுத்தைப் பற்றிய ஒரு சோதனையை அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2025 ஜூனில் வெளியிட்டார்கள். சாட்ஜிபிடி உதவியோடு கட்டுரை எழுதிய 18 பேரில் 15 பேரால், தாங்கள் சற்றுமுன் எழுதிய கட்டுரையிலிருந்தே ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மொத்தமே 54 பேர் கலந்துகொண்ட சிறிய சோதனை இது. சக ஆய்வாளர்களின் பரிசீலனைக்கு முன்பே வெளியானது. அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், பார்த்து எழுதியது மனதில் நிற்காது என்பது வகுப்பில் பாடம் நடத்தும் யாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

தமிழில் ஏஐ எழுதினால் நம்பலாமா?

இந்த மென்பொருள்கள் இணையத்தில் உள்ள எழுத்தைப் படித்துப் பழகியவை. அப்படிப் பழக்கப் பயன்படும் பெரிய இணையத் தொகுப்புகளில் ஆங்கிலத்தின் பங்கு பாதிக்கு நெருக்கம். தமிழின் பங்கு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பாகம்கூட இல்லை.

விளைவு என்ன? வாக்கியம் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால், சங்கப் பாட்டுக்கு வரி கேட்டால் இல்லாத வரியைத் தரலாம். நூலின் பெயர் கேட்டால் எழுதப்படாத நூலைச் சொல்லலாம். அதையும் துளிகூடத் தயங்காமல் சொல்லும். இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2023 ஜூனில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நிஜமென்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. கரிசல் வட்டாரத்துக்கென்று தனிப் பேச்சு இருக்கிறது. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கி.ராஜநாராயணன் அந்தப் பேச்சிலேயே கதை எழுதினார். 1982-ல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவரைப் பிற்காலத்தில் புதுச்சேரி பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. சொந்த மண்ணின் பேச்சுக்கு எழுத்தில் இருக்கும் மதிப்புக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஏஐ தரும் தமிழில் அந்த மண்ணின் வாடை இருக்காது. அருப்புக்கோட்டை மாணவர் கேட்டாலும் அம்பத்தூர் மாணவர் கேட்டாலும் ஒரே மாதிரியான, வழவழப்பான கட்டுரைதான் வரும்.

காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால், அதை நம்பித் தண்டனை கொடுப்பது ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கத் தான் வெளியிட்ட கருவியை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. சொன்ன காரணம், அதன் துல்லியம் குறைவு.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை "ஏஐ எழுதியது" என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், சின்ன வாக்கியங்களில் எழுதுவதுதான் அவர்கள் செய்த குற்றம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் திருச்சுழி மாணவரும் அப்படித்தான் எழுதுவார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? யூஜிசி 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து ஒத்துப்போனால் நடவடிக்கை உண்டு. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். ஆனால், அசைன்மென்ட், விடைத்தாள் போன்றவை இந்த விதிக்குள் வராது. எனவே இளநிலை வகுப்பு அசைன்மென்ட்டை எப்படிக் கையாள்வது என்பது கல்லூரியும் ஆசிரியரும் முடிவு செய்ய வேண்டியது.

ஆசிரியர் ஏன் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துவதில்லை?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து பக்கம் என்றால் 300 பக்கம். ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படித்துப் பிழை திருத்த ஐந்து நிமிடம் என்றால் 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். இது ஒரு வகுப்புக்கு மட்டும். ஆசிரியருக்கு அப்படி மூன்று, நான்கு வகுப்புகள் இருக்கும்.

அதனால் நடைமுறையில் என்ன நடக்கும்? பக்கத்தை எண்ணிக் கையெழுத்துப் போடுவதோடு முடியும். பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண். அந்த 25-க்குள்ளும் அசைன்மென்ட்டின் பங்கு சிறியது. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு மாணவர் அதைத் தானே உட்கார்ந்து எழுதுவாரா?

உண்மையைச் சொன்னால், அசைன்மென்ட்டை ஏஐ கெடுக்கவில்லை. அது ஏற்கெனவே சடங்காகிப் போயிருந்தது. சீனியர் நோட்டிலிருந்து பார்த்து எழுதியபோது, கையாவது வலித்தது. ஏஐ அந்தக் கை வலியையும் இல்லாமல் செய்துவிட்டது.

இதில் மாணவருக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பகுதியில் பட்டம் வாங்கும் பலரின் அடுத்த இலக்கு அரசு வேலை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாள் உண்டு. விரிவாக எழுதும் தாள் அது. அதில் குறைந்தது 40 மதிப்பெண் எடுத்தால்தான் மற்ற தாள்களே மதிப்பீட்டுக்குப் போகும்.

மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம் என்று எல்லாமே சொந்தக் கையால் எழுத வேண்டியவை. மூன்று ஆண்டு கல்லூரியில் ஒரு பத்தியைக்கூட அடித்துத் திருத்தி எழுதிப் பழகாதவர், அந்தத் தேர்வு அறையில் திடீரென்று எழுதிவிட முடியாது. எழுதிப் பழகக் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டக்கூடியவர் தப்பித்துக்கொள்வார். கட்ட முடியாதவருக்குக் கல்லூரி வகுப்பு மட்டும்தான் வழி.

மாநிலத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் எந்தப் பாடம் படித்தாலும் தொடக்க ஆண்டுகளில் பகுதி ஒன்று தமிழும், பகுதி இரண்டு ஆங்கிலமும் இருக்கின்றன. வணிகவியல் மாணவரும் கணினி அறிவியல் மாணவரும் எழுதப் பழகுவதற்குக் கிடைக்கும் வகுப்புகள் இவைதான். அவையும் கைவிட்டுப் போனால் எழுத்துக்கென்று வேறு வகுப்பு இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில், அளவைக் குறைக்கலாம். ஐந்து பக்கத்துக்குப் பதில் 100 சொல்லில் ஒரு பத்தி. வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லலாம். ஒன்றைத் திருத்த மூன்று நிமிடம் என்றால் 60 பேருக்கு 180 நிமிடம், மூன்றே மணி நேரம். திருத்திக் கொடுத்ததை மாணவர் மறுபடி எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்த இரண்டாவது பிரதிக்குத்தான்.

இரண்டாவது, இணையத்தில் விடை இல்லாத கேள்வியைக் கேட்கலாம். 'கைத்தறியின் வரலாறு' என்று தலைப்பு கொடுத்தால் ஏஐ நொடியில் எழுதிவிடும். 'உங்கள் தெருவில் தறி போடும் ஒருவரிடம் பேசி, பாவு, ஊடை, தார், நாடா பற்றி அவர் சொன்னதை எழுதுக' என்றால் மாணவர்தான் போக வேண்டும், கேட்க வேண்டும். மல்லிகை பறிக்கும் வேலை, கண்மாய் நிரம்பிய ஆண்டு, கரிமூட்டம் போடும் முறை என்று ஊரைச் சுற்றித் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை.

இங்கேதான் செல்போன் நிஜமாக உதவும். அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்யலாம். 2017-ல் கூகுள் கொண்டுவந்த தமிழ்க் குரல்வழித் தட்டச்சில் போட்டுப் பார்க்கலாம். பாட்டியின் எந்தச் சொல்லில் அந்தக் கருவி தடுமாறுகிறது, எதைத் தப்பாக எழுதுகிறது என்று பார்த்துத் திருத்துவதே நல்ல எழுத்துப் பயிற்சி.

மூன்றாவது, ஏஐ-யை எழுத்தாளராக இல்லாமல், திருத்தப்பட வேண்டிய மாணவராக உட்கார வைக்கலாம். அது எழுதிய ஒரு கட்டுரையை வகுப்பில் கொடுத்து, "இதில் உள்ள தகவல் பிழைகளைக் கண்டுபிடி, ஆதாரத்தோடு திருத்து" என்று கேட்கலாம். பிழை கண்டுபிடிக்க மூலநூலைத் திறந்துதானே ஆக வேண்டும்?

நான்காவது, இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்வி. "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்று கேட்டால் போதும். சொந்தமாக எழுதியவர் திக்கித் திணறியாவது பதில் சொல்லிவிடுவார்.

ஏஐ தவிர வேறு என்னென்ன இருக்கின்றன?

டிஜிட்டல் என்றாலே ஏஐ என்று ஆகிவிட்டது. ஆனால், கல்லூரித் தமிழ் வகுப்புக்குத் தேவையான பல வசதிகள் அதற்கு வெகுமுன்பே இலவசமாக இருக்கின்றன.

1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை மூலநூல்கள் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் படிக்கலாம். சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, கலைச்சொல்லுக்கு அரசின் சொற்குவை, எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று எல்லாமே செல்போனிலேயே திறக்கும்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 1.5 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. அதில் தன் ஊரைப் பற்றிய கட்டுரையை ஒரு மாணவர் திறந்து பார்க்கலாம். இரண்டு வரியோடு நின்றிருந்தால் மேற்கொண்டு எழுதலாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் கேட்பார்கள், பிழை இருந்தால் முகம் தெரியாத யாரோ திருத்துவார்கள். அசைன்மென்ட்டைப் போல அது கட்டுக்குள் தூங்காது, ஊர்க்காரர்கள் படிப்பார்கள்.

மாணவர்கள் உடனே செய்யக்கூடியது

ஏஐ-யிடம் போவதற்கு முன் தனக்குத் தெரிந்ததைப் பத்து வரி கையால் எழுதிவிட வேண்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அதைக் காட்டி, "திருத்தி எழுதாதே, எங்கே தெளிவில்லை என்று மட்டும் சொல்" என்று கேட்கலாம். அது சொல்வதில் சரியென்று படுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, தானே இரண்டாவது முறை எழுத வேண்டும். நூல் பெயர், ஆண்டு, மேற்கோள் எது வந்தாலும் மூலத்தில் சரிபார்க்காமல் சேர்க்கக் கூடாது.

தொலைபேசி நிறுவனங்கள் தந்த இலவசக் காலம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று ஒருநாள் முடியும். அதன்பிறகு மாதாமாதம் பணம் கேட்பார்கள். அந்த நாளில் பணம் கட்ட முடியாத மாணவர் கையில் மிஞ்சுவது, இந்த இடைக்காலத்தில் அவரே எழுதிப் பழகிய எழுத்து மட்டும்தான்.